5.3 சில்வராடோவுக்கு எந்த சூப்பர்சார்ஜர்? வீட்டிலேயே மாட்டலாமா?

ஹூஸ்டனில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். வண்டி 2016 செவர்லே சில்வராடோ 1500, 5.3 லிட்டர் வி8, 1,10,000 மைல் ஓடியது. கோடையில் 5,500 பவுண்டு டிரெய்லரை மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு கொலராடோ மலைக்குப் போகிறீர்கள். ஏற்றத்தில் எஞ்சின் அலறுகிறது, வேகம் 45 மைலுக்கு இறங்கிவிடுகிறது. "விப்பிளா, மேக்னசனா, புரோசார்ஜரா, எது நல்லது? கராஜில் நானே மாட்டிவிடலாமா?" என்பது உங்கள் கேள்வி. படித்தால், எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரைச் செய்யும் கம்பெனியின் பெயரைக் கேட்பதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு இரண்டு விஷயம் என்று நினைக்கிறேன். இவ்வளவு பணத்தைக் கொட்டினால் அந்த ஏற்றத்தில் வித்தியாசம் தெரியுமா? இவ்வளவு ஓடிய எஞ்சின் அதைத் தாங்குமா? முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு எஞ்சினைச் சோதித்துப் பார்க்காமல் யாரும் பதில் சொல்ல முடியாது, நானும்தான்.

நான் டல்லாஸ் பக்கம் ஒரு பட்டறையில் பதினாறு வருடமாக இந்த வேலை செய்கிறேன். கையில் வந்தவற்றில் பெரும்பாலானவை செவர்லேயின் தாய்க் கம்பெனியான ஜிஎம்மின் பிக்கப்கள். எனவே இங்கே சொல்வதெல்லாம் உங்கள் எஞ்சினுக்குத்தான். ஃபோர்டோ டொயோட்டாவோ வைத்திருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஏற்றக் கணக்கு. உங்கள் வண்டி, டிரெய்லர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 12,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 5,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஐ-70 நெடுஞ்சாலையில் டென்வரைத் தாண்டி ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை நோக்கி ஏறும்போது, ஏற்றம் 6.5 சதவீதம் என்று வைத்தால், 55 மைல் வேகத்தைக் காப்பாற்ற, எடையை மேலே தூக்குவதற்கு மட்டும் 115 குதிரைத்திறன் வேண்டும். டிரெய்லரின் தட்டையான முகம் காற்றைக் கிழிக்க 40 சொச்சம், டயர் உருள்வதற்கு 20. கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் போகும் இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் 210 குதிரைத்திறன் பக்கம் விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் 5.3 எஞ்சினின் (ஜிஎம் வைத்த குறியீடு எல்83) விளம்பரக் கணக்கு நிமிடத்துக்கு 5,600 சுற்றில் 355 குதிரைத்திறன். அது கடல் மட்டத்துக் கணக்கு. அந்தச் சுரங்கப்பாதை 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் ஹூஸ்டனில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே 355 அங்கே 240 ஆகிவிடும், அதுவும் ஊசி 5,600-ஐத் தொட்டால்தான். கொடுக்க முடிந்ததே 240, கேட்பது 210 என்றால் எஞ்சின் அலறாமல் என்ன செய்யும்? உங்கள் வண்டியில் கோளாறு இருப்பதாக இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. மலை ஏறினால் இந்த எஞ்சின் அப்படித்தான் இருக்கும்.

இந்த இடத்தில் சூப்பர்சார்ஜர் ஒரு அழகான காரியம் செய்கிறது. பலர் நினைப்பதுபோல அது எங்கே போனாலும் 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு) அழுத்தம் சேர்ப்பதில்லை. வெளிக்காற்றின் அழுத்தத்தை ஒரு விகிதத்தில் பெருக்குகிறது. ஹூஸ்டனில் பூஸ்ட், அதாவது வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தம், 7 பிஎஸ்ஐ என்றால் விகிதம் சுமார் 1.48. அதே விகிதத்தைச் சுரங்கப்பாதையின் மெல்லிய காற்றில் போட்டால், எஞ்சினுக்குள் போகும் அழுத்தம் கிட்டத்தட்ட கடல் மட்டத்து அழுத்தம். பூஸ்ட் காட்டும் மீட்டரில் 4.5 பிஎஸ்ஐ பக்கம்தான் நிற்கும். அதைப் பார்த்து "பெல்ட் வழுக்குகிறது போல" என்று பதறிப் பட்டறைக்கு ஓடி வந்தவர்கள் உண்டு. அங்கே அதுதான் சரியான அளவு. ஆக, மலை உச்சியில் உங்கள் வண்டி ஏறக்குறைய ஹூஸ்டனில் இருந்த பழைய வண்டியாக மாறும். 5,000 சுற்றுக்கு மேல் கத்திக்கொண்டு ஏறியது 3,500 சுற்றில் ஏறும். இந்த அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம்.

எந்த வகை என்பதற்கு வருவோம். டர்போ நமக்குப் பழகிய சொல். ஊரில் லாரிக்குப் பின்னால் எழுதியே வைத்திருப்பார்கள். அது புகைபோக்கியில் வெளியேறும் சூடான வாயுவால் சுழல்வது. சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவது எஞ்சினின் முதன்மைச் சுழல்தண்டான கிராங்கோடு இணைந்த பெல்ட். அதில் சந்தையில் இருப்பவை மூன்று வகை. ரூட்ஸ் வகை மிகப் பழையது. இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கிய ஊதுகருவிதான் அதன் மூதாதை. அப்போது அதை உலைகளுக்குக் காற்றூதவும் சுரங்கங்களுக்குள் காற்று அனுப்பவும் பயன்படுத்தினார்கள். இன்று மேக்னசன், எடல்பிராக் போன்றவர்கள் ஈட்டன் கம்பெனியின் டிவிஎஸ் சுழலிகளை வைத்துக் கட்டுகிறார்கள். நான்கு மடல், 160 பாகை முறுக்கு. பழைய ரூட்ஸைவிடச் சூடு மிகவும் குறைவு. (நம் ஊர் டிவிஎஸ்ஸுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, இதையும் ஒருவர் கேட்டிருக்கிறார்.) இரண்டாவது இரட்டைத் திருகு வகை, விப்பிள் செய்வது. காற்றைத் தன் உடலுக்குள்ளேயே நெருக்கித் தள்ளும். மூன்றாவது மையவிலக்கு வகை, புரோசார்ஜரும் வோர்டெக்கும் செய்வது. பார்க்க டர்போவின் பாதி மாதிரி இருக்கும். எஞ்சினின் முன்பக்கம் பெல்ட்டோடு தொங்கும்.

முதல் இரண்டும் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் இவ்வளவு லிட்டர் காற்று என்று அளந்து தள்ளுபவை. உங்கள் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 2.65 லிட்டர் காற்றை இழுக்கும். 2.3 லிட்டர் ஊதுகருவியை இருமடங்கு வேகத்தில் சுற்றினால் 4.6 லிட்டர் வந்து நிற்கும். வந்தது அதிகம், எஞ்சினுக்குள் போக முடிந்தது குறைவு, அந்த நெருக்கடிக்குப் பெயர்தான் பூஸ்ட். எஞ்சின் 2,000 சுற்றில் ஓடினாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. அதனால் கீழ்ச்சுற்றிலேயே இழுவை கிடைக்கிறது. மையவிலக்கு வகையில் பூஸ்ட் ஏறக்குறைய வேகத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். 6,000 சுற்றில் 8 பிஎஸ்ஐ கொடுப்பது 3,000 சுற்றில் 2 பிஎஸ்ஐதான் கொடுக்கும். டிராக்கில் கால்மைல் பந்தயம் ஓட்டுகிறவருக்கு அது நல்ல குணம்: கீழே டயர் சுழலாது, மேலே அள்ளிக்கொண்டு போகும். டிரெய்லர் இழுப்பவருக்கு அது தலைகீழ் வரம். எஞ்சின் கத்துவதைக் குறைக்கத்தானே இவ்வளவு பாடு? அதையே கத்தவிட்டால்தான் பலன் என்றால் வாங்குவது எதற்கு? உங்கள் வேலைக்கு மையவிலக்கு வேண்டாம்.

விப்பிளா மேக்னசனா என்றால், உண்மையைச் சொல்கிறேன், 6-7 பிஎஸ்ஐ அளவில் ஓட்டும்போது இரண்டுக்கும் நடுவில் கண்ணைக் கட்டிவிட்டால் என்னால் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பூஸ்டை ஏற்றிக்கொண்டே போனால் இரட்டைத் திருகு முந்தும். சாதாரண ஓட்டத்தில் காற்றைச் சுற்றி அனுப்பும் பைபாஸ் வால்வு திறந்திருக்கும்போது டிவிஎஸ் கொஞ்சம் குறைவாகவே சக்தியைத் தின்னும். இந்தச் சிறு வித்தியாசத்துக்காக இரவெல்லாம் வீடியோ பார்த்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. விளம்பரத்தில் போடும் குதிரைத்திறனையும் ஒப்பிடாதீர்கள். ஒருவர் கிராங்கில் அளந்ததைச் சொல்வார், இன்னொருவர் சக்கரத்தில் அளந்ததைச் சொல்வார். ஒருவர் 93 ஆக்டேனில், இன்னொருவர் 91-இல். அந்த எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. பெட்டிக்குள் வேறு என்னென்ன வருகிறது என்று பாருங்கள். அழுத்திய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்கான முன்பக்க ரேடியேட்டர் எவ்வளவு பெரியது? எரிபொருள் பம்ப் தருகிறார்களா, பழையதை வைத்தே சமாளிக்கிறார்களா? கிராங்க் புல்லி நழுவாமல் பூட்டாணி (பின்) அடிப்பதற்கான வழிகாட்டித் தகடு இருக்கிறதா? எஞ்சின் கம்ப்யூட்டருக்கான நிரலை, அதாவது டியூனை, யார் எழுதியது, டிரெய்லர் இழுப்பதை நினைவில் வைத்து எழுதியதா? நான் ஒரு கிட்டை நல்லது, மட்டம் என்று சொல்வது இவற்றை வைத்துத்தான். இரும்பு எல்லோரிடமும் நன்றாகவே இருக்கிறது.

ரேடியேட்டரை முதலில் கேட்டதற்குக் காரணம் சூடு. காற்றை அழுத்தினால் சூடேறும்; சைக்கிள் பம்ப் அடித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். 32 டிகிரி செல்சியஸ் காற்றை 7 பிஎஸ்ஐ-க்கு அழுத்தினால், 65 சதவீதத் திறன் என்று வைத்துக் கணக்குப் போட, 85 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தக் காற்று அப்படியே சிலிண்டருக்குள் போனால் தீ பரவி வந்து சேரும் முன்பே பெட்ரோல் தானாக வெடிக்கும், அதைத்தான் நாக் என்கிறோம். அதனால் ஊதுகருவிக்கு அடியில் ஒரு இன்டர்கூலர், அதற்குள் ஓட தனித் தண்ணீர், அந்தத் தண்ணீரைக் குளிரவைக்க முன்னால் தனி ரேடியேட்டர், சுற்றிவர மின்பம்ப். நகரத்தில் சிக்னலுக்குச் சிக்னல் ஆக்சிலேட்டரை அழுத்துகிறவருக்கு ஐந்து விநாடிதான் பூஸ்ட்; தண்ணீர் அதைத் தாங்கிக்கொள்ளும். உங்களுக்கு இருபது நிமிடம் தொடர்ந்து ஏற்றம். தண்ணீர் சூடாகிக்கொண்டே போகும், எஞ்சின் கம்ப்யூட்டர் பயந்து தீப்பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்தும், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சக்தி வடிந்துபோகும். மேலே காற்று மெல்லியது என்பதால் ரேடியேட்டர் குளிரவைப்பதும் குறையும். இழுவைக்கு வாங்குகிறவர் ஊதுகருவியில் ஐந்நூறு டாலரை மிச்சம்பிடித்து அதைப் பெரிய ரேடியேட்டரில் போடலாம் என்பது என் அனுபவம்.

எரிபொருள் விஷயம் இன்னும் நுணுக்கமானது. எல்83-இன் அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது, 11.0. அது கூடினால் நாக் அபாயமும் கூடும். இதே குடும்பத்தில் ஜிஎம் தானே சூப்பர்சார்ஜர் மாட்டி விற்ற எஞ்சின் ஒன்று உண்டு: 2015 கார்வெட் இஸட்06-இல் வந்த எல்டி4, 650 குதிரைத்திறன். அதற்கு ஜிஎம் விகிதத்தை 10.0-க்கு இறக்கியது, வார்ப்புப் பிஸ்டனை எடுத்துவிட்டு அடித்து உருவாக்கிய பிஸ்டன் போட்டது. உங்களுடையதில் விகிதமும் இறங்கவில்லை, பிஸ்டனும் வார்ப்புதான். தயாரித்தவர்களே தேவை என்று நினைத்த இரண்டு பாதுகாப்பும் இல்லாமல்தான் நாம் மாட்டப்போகிறோம். அதனால்தான் 6-7 பிஎஸ்ஐ-யோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். "இன்னும் ஒரு சின்னப் புல்லி போட்டால் 10 வரும்" என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வரும். எத்தனை நாளைக்கு என்று அவர்களிடம் கேளுங்கள்.

பெட்ரோலும் கவனம். டெக்சாஸில் பிரீமியம் 93 ஆக்டேன் (இந்த எண் கூடினால் நாக் வருவது குறையும்). கொலராடோவில் பிரீமியமே 91தான், சாதாரணம் 85. ஹூஸ்டன் 93-க்கு டியூன் செய்துவிட்டு, வண்டிக்கு மிகக் கடினமான அந்த ஏற்றத்துக்கு முன்னால் 91-ஐ நிரப்பிக்கொண்டு போவது ஆபத்து. டியூன் எழுதுகிறவரிடம் 91-க்கு எழுதச் சொல்லுங்கள். ஹூஸ்டனில் கொஞ்சம் சக்தி குறையும், பரவாயில்லை. (துபாயில் 95, 98 என்று பார்த்துப் பழகியவர்கள் குழம்ப வேண்டாம். இங்கே பம்பில் எழுதுவது வேறு அளவுகோல். அங்கத்து 95 இங்கே ஏறக்குறைய 91.) இனிமேல் சாதாரண பெட்ரோல் என்ற பேச்சே கிடையாது, அந்தச் செலவையும் கணக்கில் சேருங்கள்.

இந்த எஞ்சின் நேரடி உட்செலுத்தல் வகை, அதாவது பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுகிறது. 6,000 சுற்றில் ஒரு உறிஞ்சு அசைவுக்குக் கிடைக்கும் நேரம் 5 மில்லிவிநாடி. அதற்குள் வேண்டிய பெட்ரோல் முழுவதும் உள்ளே போயாக வேண்டும். அதைத் தள்ளுவது கேம்ஷாஃப்ட் ஓட்டும் உயரழுத்தப் பம்ப், சுமார் 15 மெகாபாஸ்கல், அதாவது 2,175 பிஎஸ்ஐ. காற்று ஒன்றரை மடங்கானால் பெட்ரோலும் ஒன்றரை மடங்காக வேண்டும். பழைய பம்ப் ஒரு எல்லைக்கு மேல் மூச்சு வாங்கும், பெட்ரோலைப் பகிர்ந்தளிக்கும் குழாயான ரெயிலின் அழுத்தம் சரியும், பெட்ரோல் குறைந்து பிஸ்டன் சூடேறும். எல்டி4-இன் பம்பையும் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களையும் இதில் மாட்டுவது இந்தத் தொழிலில் வழக்கமான தீர்வு. பம்ப், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. எப்படியும் மேனிஃபோல்டைக் கழற்றத்தான் போகிறீர்கள். அப்போதே மாற்றிவிட்டால் ஒரு வேலை, பின்னால் மாற்றினால் முழு வேலையும் திரும்ப.

இனி எஞ்சின் தாங்குமா என்ற கேள்வி. 1,10,000 மைல் என்ற எண்ணைப் பார்த்து நான் பயப்படவில்லை. நல்ல எண்ணெயில் நெடுஞ்சாலையில் ஓடிய எஞ்சின் என்றால் பரவாயில்லை. பயப்படுவது வால்வைத் திறக்கத் தள்ளும் சிறு உறுப்பான லிஃப்டரைப் பார்த்து. இந்த எஞ்சினில் சுமை குறைந்தால் 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்கள் தூங்கிவிடும். அவற்றுக்கு என்று உள்ளே பூட்டு வைத்த தனி லிஃப்டர்கள். அவை மக்கர் செய்வது பூஸ்ட் இல்லாத வண்டிகளிலேயே சகஜம். டியூனில் அந்தத் தூக்கத்தை நிறுத்திவிடலாம். ஆனால் லிஃப்டர் அதே பழைய லிஃப்டர்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக் டிக் சத்தம் ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் சூப்பர்சார்ஜர் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். சத்தம் இல்லையென்றால் எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் (எவ்வளவு அழுத்தம் கட்டுகிறது) பாருங்கள், அப்புறம் லீக்டவுன் (உள்ளே அடைத்த காற்று எத்தனை சதவீதம் கசிகிறது) பாருங்கள். கம்பெனி கையேடு மிகக் குறைந்தது மிக அதிகமானதில் 70 சதவீதமாவது இருந்தால் போதும் என்று விட்டுவிடும். பூஸ்ட் போடப்போகிற எஞ்சினுக்கு அது போதாது. எட்டும் பத்து சதவீதத்துக்குள் ஒன்றாக நிற்க வேண்டும், கசிவும் பத்துக்குள் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. இது புத்தகத்தில் உள்ள விதியல்ல, நான் கற்றுக்கொண்ட பாடம்.

எங்கே கற்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழெட்டு வருடம் முன்பு ஒருவர், வேறு ஊரில் கிட் மாட்டிய இதே 5.3 வண்டியைக் கொண்டுவந்தார். புகை வருகிறது, பார்த்துத் தாருங்கள் என்றார். எஞ்சின் கம்ப்யூட்டரின் எண்களைப் பதியும் கருவியைப் போட்டுப் பார்த்தேன், பெட்ரோல் அளவு சரியாக இருந்தது, நாக்கும் பெரிதாக இல்லை. "கிராங்க்கேஸ் காற்றோடு எண்ணெய் உள்ளே போகிறது, எண்ணெய் பிடிக்கும் டப்பா ஒன்று மாட்டினால் போதும்" என்று சொல்லி அனுப்பினேன். கம்ப்ரெஷன் பார்க்கவில்லை. சோம்பல்தான், வேறென்ன. மூன்று வாரத்தில் இழுவை வண்டியின் முதுகில் திரும்பி வந்தது. ஏழாவது சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றி வாயு கசியாமல் அடைக்கும் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது. சூடேறினால் ரிங் நீளும். அதன் இரு முனைகளுக்கும் நடுவே தொழிற்சாலை விட்ட இடைவெளி பூஸ்ட் இல்லாத எஞ்சினுக்கானது. நீண்ட ஏற்றத்தில் அந்த இடைவெளி மூடி, முனைகள் முட்டி, ரிங் சிலிண்டரைப் பிடித்து விளிம்பை உடைத்துவிடும். அவரும் டிரெய்லர்தான் இழுத்துக்கொண்டிருந்தார். எஞ்சினை இறக்காமல் அந்த இடைவெளியைத் திருத்த முடியாது. ஆக நீண்ட ஏற்றம் போகும் வண்டியில் இது எப்போதும் கூடவே இருக்கும் அபாயம், எவ்வளவு நல்ல டியூனாலும் முழுக்கப் போகாது. சூட்டைக் குறைவாக வைத்திருப்பது ஒன்றுதான் வழி.

சட்டத்தையும் இரண்டு வரியில் முடித்துவிடுவோம். கலிஃபோர்னியா காற்று வள வாரியம் சோதித்து அனுமதித்த கிட்களுக்கு ஒரு ஆணை எண் உண்டு. எஞ்சின் அறையில் ஒட்ட ஸ்டிக்கரும் வரும். நீங்கள் கலிஃபோர்னியாவில் இல்லாவிட்டாலும் அந்த எண் உள்ள கிட்டையே வாங்குங்கள். புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களில் கைவைப்பது கூட்டரசுச் சட்டப்படியும் குற்றம். அந்த எண் நீங்கள் அப்படிச் செய்யவில்லை என்பதற்குச் சாட்சி. டெக்சாஸில் 2025 முதல் தனியார் வண்டிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை எடுக்கப்பட்டாலும், ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் புகைச் சோதனை தொடர்கிறது. உங்கள் வண்டிக்குக் கம்பெனி உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது, எனவே அந்தக் கவலை மிச்சம்.

மாட்டும் வேலை. கராஜில் செய்யலாமா என்றால், வாட்டர் பம்பும் இன்டேக் கேஸ்கெட்டும் தானே மாற்றியவர் என்றால் செய்யலாம். நல்ல டார்க் ரென்ச், துணைக்கு ஒருவர், முழுதாக ஒரு நீண்ட வார இறுதி வேண்டும். இதுவே முதல் பெரிய வேலை என்றால் பட்டறையில் விடுங்கள். பேட்டரியைக் கழற்றி, எரிபொருள் அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். 2,000 பிஎஸ்ஐ விளையாட்டில்லை. மேனிஃபோல்டைத் தூக்கிய அடுத்த நொடி எட்டுத் துளைகளையும் டேப் போட்டு மூடுங்கள். துணியைத் திணிக்காதீர்கள், துணி உள்ளே இருப்பதை மறந்தவர்கள் இருக்கிறார்கள். மூடுவதற்கு முன் டார்ச் அடித்து இன்டேக் வால்வுகளைப் பாருங்கள். நேரடி உட்செலுத்தல் எஞ்சினில் பெட்ரோல் அந்த வால்வைக் கழுவுவதில்லை, 1,10,000 மைலில் கரி அடை அடையாக இருக்கும். வால்நட் ஓட்டுத் தூளை ஊதிச் சுத்தம் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. பம்புக்கும் ரெயிலுக்கும் நடுவிலுள்ள உயரழுத்தக் குழாய் ஒருமுறைதான். கழற்றினால் புதிதுதான் போட வேண்டும். இன்ஜெக்டர்களின் டெஃப்லான் வளையமும் அப்படியே. நாற்பது டாலரை மிச்சம்பிடித்து எஞ்சின் மேல் பெட்ரோலைப் பீய்ச்ச வேண்டாம்.

வீட்டில் செய்பவர்கள் தடுமாறும் இடம் கிராங்க் புல்லி. இந்த எஞ்சின் குடும்பத்தில் முன்பக்க புல்லியைக் கிராங்கோடு பூட்ட சாவி (நழுவாமல் இடையில் செருகும் உலோகத் துண்டு) கிடையாது. இறுக்கமாக அழுத்தி, ஒரு போல்ட்டின் பிடியை மட்டும் நம்பி நிற்கிறது. ஏசியும் ஆல்டர்னேட்டரும் ஓட்ட அது போதும். 7 பிஎஸ்ஐ-க்குக் காற்றை அழுத்த மட்டுமே ஊதுகருவி நாற்பது குதிரைத்திறன் பக்கம் பெல்ட் வழியாக இழுக்கும். புல்லி நழுவினால் கிராங்கின் மூக்கே தேய்ந்துபோகும். அதனால் வழிகாட்டித் தகட்டை வைத்து, புல்லியும் கிராங்கும் சேரும் இடத்தில் துளையிட்டு, கடினப் பின் அடிக்க வேண்டும். துளை கோணினால் திருத்த வழியில்லை. மெதுவாக, எண்ணெய் விட்டு, துருவலை அடிக்கடி வெளியே எடுத்து, ஆழக் குறி வைத்துத் துளையிடுங்கள். போல்ட் புதிது. இந்த ஒரு வேலைக்கு மட்டும் மெக்கானிக் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுவது வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை.

ஊதுகருவியை இறக்க இருவர் வேண்டும். ஒருவர் தூக்கி இறக்கினால் கேஸ்கெட் மடங்கும், அது எங்கே மடங்கியது என்று ஒரு வாரம் தேடுவீர்கள். போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, கையேடு சொல்லும் வரிசையில், இரண்டு சுற்றாக இறுக்குங்கள். ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ச்சியானதாக மாற்றி, இடைவெளியைக் கிட் சொல்லும் அளவுக்கு, பெரும்பாலும் 0.8 மில்லிமீட்டர் பக்கம், குறைக்க வேண்டும். பூஸ்டில் அகலமான இடைவெளியைத் தீப்பொறி தாண்டாது. இன்டர்கூலர் தண்ணீரில் காற்று தங்கினால் பம்ப் சத்தம் போடும், தண்ணீர் மட்டும் நகராது. தொட்டியின் மூடியைத் திறந்து நீர் சுழல்வதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடுங்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆனதும் சந்தோஷத்தில் தெருவைச் சுற்றிவர ஆசை வரும். கிட்டோடு வரும் டியூனை ஏற்றாமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. ஏற்றிய பிறகும் முதல் நாள் பூஸ்ட் பக்கம் போகாதீர்கள். எரிபொருள் திருத்த எண்கள் (கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது) ஐந்து சதவீதத்துக்குள் இருக்கின்றனவா, இன்டேக் காற்றின் சூடு எவ்வளவு என்று பதிவு எடுங்கள். அப்புறம் பாதி ஆக்சிலேட்டர், அப்புறம் முழுசு, ஒவ்வொரு முறையும் பதிவு. முழு பூஸ்டில் காற்று-பெட்ரோல் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் நடுவில், ரெயில் அழுத்தம் சரியாமல், நாக் எண் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். கிட்டோடு வரும் பொது டியூன் பாதுகாப்பாகத்தான் எழுதப்பட்டிருக்கும். இருந்தாலும் டிரெய்லரோடு ஒரு பதிவு எடுத்து, டியூன் எழுதியவருக்கு அனுப்பிச் சரிபார்க்காமல் மலைக்குப் போகாதீர்கள். எண்ணெய், ஜிஎம் வகுத்த டெக்சோஸ்1 தரத்தின் புதிய தலைமுறைதான். கீழ்ச்சுற்றில் பூஸ்டோடு வரும் முன்வெடிப்பைத் தடுக்கவென்றே அதை மாற்றி எழுதினார்கள். மாற்றும் இடைவெளி 5,000 மைலைத் தாண்ட வேண்டாம்.

எஞ்சின் தாங்கினாலும் ஆறு கியர் டிரான்ஸ்மிஷனில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் கிளட்ச் முதலில் கைவிரிக்கலாம். அதற்குப் பெரிய எண்ணெய்க் குளிரூட்டி ஒன்று போட்டுவிடுங்கள். இன்னொன்று: சக்தி கூடினாலும் வண்டியின் இழுவை எல்லை ஒரு பவுண்டுகூடக் கூடாது. பிரேக், ஹிட்ச், சேஸிஸ் எல்லாம் பழையதுதான். கதவோரம் ஒட்டியிருக்கும் மஞ்சள் அட்டையில் உள்ள சுமை எல்லையிலிருந்து இந்தப் புது இரும்பின் எடையையும் கழிக்கத்தான் வேண்டும்.

செலவுக்கு வந்தால், கிட் மட்டும் ஏழாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் டாலர். பம்ப், இன்ஜெக்டர், குளிரூட்டி, டியூன் எல்லாம் சேர்ந்தால் பட்டறைக் கூலி இல்லாமலே பன்னிரண்டாயிரத்தை நெருங்கும். வருடத்துக்கு ஒரு மலைப் பயணத்துக்கு என்றால் நானாக இருந்தால் முதலில் கையுறைப் பெட்டியில் உள்ள குறியீட்டு ஸ்டிக்கரைப் பார்ப்பேன். ஜியு4 என்று இருந்தால் உங்கள் ஆக்சில் விகிதம் (சக்கரம் ஒரு முறை சுழல டிரைவ் ஷாஃப்ட் எத்தனை முறை சுழல்கிறது) 3.08, ஜியு6 என்றால் 3.42. 3.08 என்றால் அதை 3.73 ஆக்கினால் ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்கு 21 சதவீதம் கூடுதல் முறுக்கு கிடைக்கும், அதுவும் இந்தச் செலவில் ஒரு சிறு பங்கில். அது குதிரைத்திறனைக் கூட்டாது, சுரங்கப்பாதை ஏற்றத்தில் எஞ்சின் கத்தத்தான் செய்யும். ஆனால் ஹூஸ்டனிலிருந்து டென்வர் வரைக்குமான ஆயிரம் மைலில் கியர் மாறி மாறித் தவிப்பது குறையும். 3.42 என்றால் அந்தப் பலன் 9 சதவீதம்தான், அதற்காகக் கழற்றுவது வீண். அந்தக் குறியீட்டையும் எட்டு சிலிண்டரின் கம்ப்ரெஷன் எண்களையும் இங்கே போடுங்கள். எண்கள் சரியாக இருந்தால் எந்தப் புல்லி, எந்த ரேடியேட்டர் என்று அப்புறம் பேசலாம்.